சந்தனம் அடைத்த துளை

நைனா, அது அம்மன் இல்லை.

நீ உயிரோடு இருந்தபோதே இது எனக்குத் தெரிந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. வருஷா வருஷம் விஜயதசமியன்று செல்லியம்மன் கோயில் வாசலில் பொங்கல் வைத்துவிட்டு, கண்ணை மூடி, உதடு துடிக்க நிற்பாயே, அந்த நிற்பைக் கலைக்க எனக்கு மனசு வந்திருக்காது. ஆனாலும் நைனா, உன் நன்றி வேறு ஒரு விலாசத்துக்குப் போகவேண்டியது. அந்த விலாசத்துக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்.

திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போகும் பஸ்ஸில், மடிமேல் குறுக்காகக் கிடந்த நீளமான பொட்டலத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, செல்லியம்மா மனசுக்குள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கங்கையா இறந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இறந்த பிறகுதான் அவரிடம் அதிகம் பேசுகிறாள்.

சந்திரகிரி தாண்டியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். பழைய போர்வையில் சுற்றி, மூன்று இடத்தில் நாடா கட்டியிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“அதி ஏமிட்டம்மா, வீணையா?”

“துப்பாக்கி,” என்றாள்.

கண்டக்டர் பின்சீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார். “சித்தூர்ல யுத்தமாம்மா?” என்று கேட்டுவிட்டு டிரைவரிடம் சொல்லப் போனார். துப்பாக்கிக்கான சான்றிதழ்களைக் கைப்பையில் எடுக்க வாகாக வைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. ஐம்பத்து நான்கு வயசு, கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை. அவள் உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

சித்தூர் கலெக்டர் ஆபீசில், துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் செல்லியம்மா பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். புதுப்பித்தல், பெயர் மாற்றம், வாரிசு விண்ணப்பம். தேர்தல் வந்தால் மாவட்டத்தில் லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். என்ன துப்பாக்கி, என்ன நிலையில் இருக்கிறது என்று ஸ்டேஷனில் எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி ரசீது போடுவார்கள். அதன் நகல் ஃபைலுக்கு வரும். அந்த ரசீதுகளைப் படிப்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலையாக இருந்தது.

அப்படிப் படித்துப் படித்துத்தான் கார்பைன்கள் அவளுக்கு அறிமுகமாயின. குதிரைமேல் போகிறவன் ஒரு கையால் சமாளிப்பதற்காகக் குட்டையாகச் செய்த துப்பாக்கிகள். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைப்படையிலிருந்து கழித்துவிட்டது ஏலத்துக்குப் போய், ஜமீன்களுக்குப் போய், பெரிய பண்ணைகளுக்கு வந்து, கடைசியில் காட்டுப்பன்றி விரட்டிக்கொண்டிருந்தது. லைசென்ஸ்காரர் இறந்ததும் பிள்ளைகள் வருவார்கள். “இரும்புக்குப் போட்டாலும் கேஸு, வூட்ல வச்சாலும் கேஸு, நீங்களே எத்துக்கினு போங்க மேடம்,” என்பார்கள். அந்தப் பிரிவில் இருந்தவரை அவள் ஒன்றையும் தொடவில்லை. நிலப் பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றலான பிறகுதான், சுடும் நிலையில் இல்லாத பழம்பொருள் என்ற சான்றோடு முதல் கார்பைனை விண்ணப்பித்து வாங்கினாள். மாவட்டம் பிரிந்து அவள் திருப்பதிக்கு ஒதுக்கப்பட்டபோது ஐந்து சேர்ந்திருந்தன. இப்போது ஆறு.

“எல்லார் வூட்லயும் பீரோவத் தொறந்தா பட்டுப்புடவை இருக்கும். எங்க வூட்ல பட்டாளம் இருக்கும்,” என்று அவள் கணவன் முரளி விருந்தாளிகளிடம் சொல்வார். சொல்லிவிட்டுப் பெருமையோடு திறந்தும் காட்டுவார்.

தீபாவளிக்கு ஊசிவெடி வெடித்தாலே காதைப் பொத்துகிறவளுக்கு எதற்கு இது என்று கேட்பவர்கள் உண்டு. அவளே கேட்டுக்கொண்டதும் உண்டு. கார்பைன்களில் மருந்து இடிக்கும் கம்பி கழன்று விழாதபடி குழலோடு ஒரு கீல் வைத்துப் பிணைத்திருப்பார்கள். பக்கவாட்டில் ஒரு வளையம் இருக்கும். குதிரை எவ்வளவு வேகமாகப் போனாலும் எதுவும் தவறி விழக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கொல்வதற்கான ஒரு சாமானுக்குள் இவ்வளவு அக்கறை இருப்பதை அவளால் வெறுக்கவும் முடியவில்லை, ரசித்துவிட்டுப் போகவும் முடியவில்லை. ஆனால் உண்மையான காரணம் அது அல்ல என்பது அவளுக்குத் தெரியும். ஒரு துப்பாக்கி எதனால் சுடாமல் போகும் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அவள் மற்ற ஐந்தையும் சேர்த்தாள். ஆறாவதுதான் இப்போது மடியில் இருந்தது.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எல்லையோரத்து ஊர் அவர்களுடையது. அவள் சனங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. எழுபத்தொன்றாம் வருஷம் அரசாங்கம் ஏரிக்கரைப் புறம்போக்கை ஆறு குடும்பங்களுக்குப் பிரித்துப் பட்டா கொடுத்தது. அதுவரை அங்கே கடலை போட்டுவந்தவர் பெரிய வீட்டு கோவர்த்தனன். முந்தின நாள் ஆயுதபூஜைக்குக் கலப்பைகளுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, விஜயதசமி காலையில் முதல் ஏரைப் பூட்டினார் கங்கையா. கோவர்த்தனன் தன் கார்பைனோடு வரப்பில் வந்து நின்றார். பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அப்படியே இருந்தன என்று கங்கையா சொல்வார். பத்துப் பன்னிரண்டு அடி தூரம். குறி பார்த்து விசையை இழுத்தார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி இழுத்தார். மறுபடியும் டக். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

கங்கையாவுக்கு முதுகுக்குப் பின்னால் நூறு தப்படியில் செல்லியம்மன் கோயில். ஊரே ஓடிப்போய் அம்மன் காலில் விழுந்தது. அப்போது கங்கையாவின் மனைவிக்கு ஐந்து மாதம். தை மாதம் பிறந்த பெண்ணுக்குச் செல்லியம்மா என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாமினிகளுக்கும் காஞ்சனாக்களுக்கும் நடுவில் அந்தப் பெயரோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கூப்பிடும்போதெல்லாம், உன் அப்பாவை உனக்கு விட்டுவைத்தார்கள், அதற்குத் தகுந்தபடி நட என்று யாரோ ஞாபகப்படுத்துவது போல இருக்கும். கோபித்துக்கொண்ட வயசும் உண்டு. பிறகு அந்தப் பெயருக்குள் அவள் மெதுவாகக் குடியேறினாள்.

கோவர்த்தனன் அதன்பின் முப்பது வருஷம் இருந்தார். அவர் மகன் சாய்குமார் ஊரை விட்டுச் சித்தூருக்கு வந்து, மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளுக்குப் பழம் பிடித்துக் கொடுக்கும் வியாபாரம் செய்கிறான். போன பங்குனியில், பழைய துப்பாக்கி எடுத்துக்கொள்கிற மேடம் யார் என்று விசாரித்து அவளைத் தேடி வந்தான். “எங்க நைனாதுங்க. கேப்புத் துப்பாக்கி. சும்மா தொங்கிக்கினு கெடக்குது,” என்றான். ஊர்ப் பெயரைச் சொன்னான். அவள் காகிதங்களைச் சரிபார்த்தாள், கையெழுத்துப் போடவேண்டிய இடங்களைக் காட்டினாள், வாங்கிக்கொண்டாள். தான் யார் என்று சொல்லவில்லை. சொன்னால் தரமாட்டான் என்ற பயமா, சொன்னால் கூனிக்குறுகித் தந்துவிடுவானே என்ற கூச்சமா, இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக் குதிரைப்படையின் கார்பைன் அது. இரும்புத் தகட்டில், கையில் கிரீடம் பிடித்த சிங்கம். மூன்றடி நீளம். பல வருஷத்துப் பூஜை அதன்மேல் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது. இந்த மாதிரித் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட வேண்டும். பின்பக்கம் திருகியிருக்கும் ஒரு சின்ன இரும்புக் காம்பின் தலையில், கேப்பு என்கிற வெடிமருந்து தடவிய சின்னச் செப்பு மூடியைச் சொருக வேண்டும். குதிரை என்று சொல்கிற சுத்தி அந்தக் கேப்பு மேல் விழுந்தால்தான் தீப்பொறி உள்ளே போய் மருந்தில் பிடிக்கும். செல்லியம்மா குதிரையைத் தூக்கிப் பார்த்தபோது காம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கெட்டியான உருண்டைதான் இருந்தது. வெந்நீரில் பஞ்சை நனைத்து, வேப்பங்குச்சியால் நான்கு நாள் மெதுவாகக் கிளறினாள். நான்காம் நாள் சமையலறைவரைக்கும் சந்தனம் மணத்தது.

காம்பு உடைந்திருந்தால் அதன் அடிப்பாகம் உள்ளே இருந்திருக்கும். துருப்பிடித்து விழுந்திருந்தால் துளைக்குள் இருக்கும் திருகு மரை அரித்துப் போயிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாள். மரை புதுசு போலப் பளிச்சென்று இருந்தது. யாரோ அதற்குரிய சாவியைப் போட்டு, பொறுமையாகத் திருகி எடுத்து, அந்தத் துளையில் சந்தனத்தை அடைத்திருக்கிறார்கள்.

அன்று அவள் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆயுதபூஜைக்குச் சாமான்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. அந்த வீட்டில் அப்போது ஒரே பெண்தான் இருந்தாள்.

* * *

சாய்குமாரின் வீட்டு வாசலில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றிருந்தது. தெருவே பழவாசம். சாய்குமார் போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்தான். பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

“அய்யய்ய, திருப்பிக் குடுக்க வந்தீங்களா? மேடம், அது திரும்ப உள்ள வந்தா எங்க தரணி என்ன வெளிய தள்ளிடும்.”

“தள்ளினா தள்ளட்டும், லாரிலயே படுத்துக்கோ. நாள் பூரா அங்கதான இருக்க,” என்று உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது.

“திருப்பிக் குடுக்க வரல சார். அம்மாவப் பாக்கணும். இதப்பத்தி ஒண்ணு கேக்கணும்.”

“அம்மாகிட்டயா?” சாய்குமார் சிரித்தான். “எங்கம்மாவக் கேள்வி கேக்க வந்தவங்க எல்லாம் பதில் சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. வாங்க.”

சாய்குமாரின் அம்மா கிருஷ்ணம்மா பின்னறையில், சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து மாங்காய் வற்றலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்கும் வயசு. சின்ன உடம்பு, நெற்றியில் திருநீறு மட்டும். “வாங்க, உக்காருங்க,” என்று நாற்காலியைக் காட்டினாள். செல்லியம்மா உட்காரவில்லை. கட்டிலின் காலியான பாதியில் பொட்டலத்தை வைத்து மூன்று நாடாக்களையும் அவிழ்த்தாள்.

கிழவி துப்பாக்கியைத் தொடவில்லை. குனிந்து, குதிரைக்குக் கீழே பார்த்தாள்.

“சந்தனம் எங்க?” என்றாள்.

செல்லியம்மா கேட்க வந்ததற்கு அதுவே பதிலாக இருந்தது. எப்படித் தொடங்குவது என்று இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியங்கள் எல்லாம் தேவையில்லாமல் போயின.

“நான்தான் எடுத்தேன்மா. கழுவறப்ப வந்துடுச்சி.”

“நீங்க யாரு?”

“இத வாங்கினவ. கலெக்டராபீசுல வேல.” பிறகு ஒரு மூச்சு விட்டு, “ஏரிக்கர கங்கையாவோட பொண்ணு,” என்றாள்.

கதவோரம் நின்றிருந்த சாய்குமார் காதிலிருந்து போனை எடுத்தான். கிருஷ்ணம்மா தலையைத் தூக்கி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கண்ணாடியை, காதுத் தோட்டை, கைக்கடிகாரத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அன்னிக்கு வயித்துல இருந்தது நீதானா?” என்றாள்.

‘நீங்க’ என்பது ‘நீ’ ஆனதைச் செல்லியம்மா கவனித்தாள். ஆபீசில் யாராவது அப்படித் தாவினால் அவள் முகம் இறுகிவிடும். இங்கே இறுகவில்லை. இந்தக் கிழவி அவளை அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே பார்த்திருக்கிறாள்.

“நாந்தாம்மா.”

“பேரு?”

“செல்லியம்மா.”

“ஆமா, வச்சாங்க. சொன்னாங்க.” கிருஷ்ணம்மா வற்றல் முறத்தைத் தள்ளிவைத்தாள். “நிக்காத. உக்காரு. இங்க, கட்டில்லயே உக்காரு.”

செல்லியம்மா துப்பாக்கிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். தரணி மூவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

“உங்கம்மா அன்னிக்கு எங்க கொல்லையில கடல உரிச்சிக்கினு இருந்தா,” என்று கிருஷ்ணம்மா சொன்னாள். “பூசைக்கு முந்தி. இவரு துப்பாக்கிய எறக்கி, மருந்து கெட்டிச்சி, கேப்பு மாட்டி வச்சாரு. எதுக்குன்னு சொல்லல. எனக்குத் தெரியும். பொட்டு வைன்னு என் கையில குடுத்துட்டு குளிக்கப் போனாரு. அத்த தொடைக்கிற சாவி, கம்பி எல்லாம் ஒரு தோல் பையில இருக்கும். வருசா வருசம் நான்தான தொடைக்கிறேன், எத எங்க திருவணும்னு அவர விட எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டே சுத்து. வந்துடுச்சி. ஓட்டை தெரியக் கூடாது, மருந்தும் கொட்டக் கூடாதுன்னு சந்தனத்த அப்பிட்டேன். மேல பெருசா ஒரு பொட்டு.”

“அம்மா,” என்றான் சாய்குமார். “எங்கிட்ட நீ சொல்லவே இல்லயே.”

“நீ கேக்கலியே. மாம்பழ வெலதான் கேப்ப.” கிழவி செல்லியம்மாவின் பக்கம் திரும்பினாள். “உங்க நைனாவுக்காக செஞ்சேன்னு நெனச்சிக்காத. பொய் சொல்லக் கூடாது. இவனும் அப்ப என் வயித்துல. நாலு மாசம். உசுர எடுத்த கையால எம்புள்ளயத் தூக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவ்ளோதான்.”

யாருக்காக என்பதில் என்ன இருக்கிறது என்று செல்லியம்மா நினைத்தாள். கங்கையா அதன்பிறகு நாற்பத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார். ஒன்றரை ஏக்கரில் கடலை போட்டார், மகளை டிகிரிவரை படிக்கவைத்தார், பேரனுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவும் இந்த வளையல் இல்லாத மெலிந்த மணிக்கட்டு இரண்டு தடவை திரும்பியதால் வந்தது.

“எங்க நைனா, அம்மன்தான் காப்பாத்துச்சின்னு கடசி வரைக்கும் நெனச்சிக்கினு இருந்தாரும்மா. உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாமலே போய்ட்டாரு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“சொல்லாம இன்னா? வருசா வருசம் பொங்கல் வப்பானே. ஊர் முழுக்கக் குடுப்பான். எங்க வூட்டுக்கும் ஒரு பங்கு கொல்லப்பக்கம் வரும். உங்கம்மாதான் எல மூடிக் கொண்டாருவா. இவரு, தொடக் கூடாது, மாட்டுக்கு வைன்னுவாரு.” கிருஷ்ணம்மாவின் வாயோரம் லேசாகக் கோணியது. “மாடு பாக்க, நான் துன்னேன். நெய் கம்மி. ஆனா நல்லா இருக்கும்.”

செல்லியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது. நைனா, கேட்டாயா, என்று உள்ளுக்குள் சொன்னாள். தவறவில்லை. உன் நன்றி வருஷா வருஷம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சூடாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

கிருஷ்ணம்மா கையை ஊன்றி எழுந்து சுவர் அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, மூடியைத் திருகினாள். குங்குமம் போட்டு வெகுகாலம் ஆன சிமிழ். உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டு, ஒரு புளியங்கொட்டை அளவு, பழைய சிவப்பேறி இருந்தது.

“இதுதான். இத்த மாட்டிடு,” என்றாள்.

செல்லியம்மா அதை உள்ளங்கையில் வாங்கினாள். கனம் இருந்தது. மரை பழுதில்லாமல் இருந்தது. சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. எல்லாக் கார்பைனுக்கும் சேர்த்து அவள் வைத்திருக்கும் சாவி.

“அன்னிக்கு அப்புறம் அந்த மனுசன் மனுசனா இல்ல,” என்று கிருஷ்ணம்மா சொன்னாள். குரல் முன்னைப் போல நிமிர்ந்து இல்லை. “டக்கு கோவர்த்தனன்னு பேரே வச்சிட்டாங்க. கள்ளுக்கடையில சிரிப்பாங்க, சந்தையில சிரிப்பாங்க. அம்மனே கையப் புடிச்ச பாவின்னு பொம்பளைங்க மண்ணத் தூத்துவாங்க. மருந்த மறுநாளே நான் தண்ணி ஊத்திக் கரச்சிக் கொட்டிட்டேன். அவரு அப்புறம் அத்த சுட எடுக்கவே இல்ல. முப்பது வருசம் ஒண்ணாத் துன்னு, ஒண்ணாப் படுத்து, நான்தான் செஞ்சேன்னு சொல்ல வாய் வரல. ஒரு உசுரக் காப்பாத்தினேன், சரி. இந்த உசுர ஏமாத்திட்டேன். நான் போறதுக்கு முன்ன அவரு துப்பாக்கி முழுசா ஆவணும். எங்கண்ணு முன்ன மாட்டிடு, செல்லி.”

“நல்லதுதான் மேடம்,” என்றான் சாய்குமார். “எனக்கும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன். முழுசா இருந்தா உங்களுக்கும்தான நல்லது.”

உண்மைதான். காம்போடு இருந்தால் பார்க்கிறவர்கள் மதிக்கும் கார்பைன். காம்பு இல்லாமல் ஊனமான ஒன்று. ஆனால் அவள் மனசு அதில் நிற்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம் எதையும் மறுக்கக் கூடாது என்றால் அது இந்தக் கிழவியிடம்தான். என்ன கேட்டாலும் செய்வேன் என்ற நினைப்போடுதான் பஸ் ஏறினாள். இந்த ஒன்றைத்தான் கிழவி கேட்கிறாள்.

ரூல்ஸ் இடம் கொடுக்காது என்று சொல்லிவிடலாம். சுடும் நிலையில் இல்லை என்று சான்று வாங்கிய சாமானில் அந்தப் பாகத்தைத் திரும்பப் பொருத்தக் கூடாது. முப்பது வருஷமாக மனுக்காரர்களிடம் அவள் இப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். முகம் கோணாமல் சொல்லத் தெரியும். ஆனால் இவளிடம் ரூல்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை.

கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். ஃபைலோடு வந்த பழைய ரசீதுகளின் நகல்.

“அம்மா, தேர்தல் வந்தா ஐயா இத ஸ்டேசன்ல குடுப்பாரு இல்ல?”

“குடுப்பாரு. சைக்கிள்ல கட்டிக்கினு போவாரு.”

“அங்க துப்பாக்கி எப்படி இருக்குதுன்னு எழுதுவாங்க. ஐயா கையெழுத்துப் போடணும். இது அடுத்த வருசமே, எழுபத்திரெண்டுல.” விரலை வைத்துக் காட்டி, நிதானமாகப் படித்தாள். “கேப்பு பொருத்தும் பாகம் இல்லை. சுடும் நிலையில் இல்லை. கீழ கையெழுத்து. இது அதுக்கு அடுத்த தேர்தல். அதே வரி. இது அதுக்கும் அடுத்தது. ஐயா உயிரோட இருந்தவரைக்கும் எல்லாத்துலயும் இதே வரிதாம்மா. எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்காரு.”

கிருஷ்ணம்மா காகிதத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்தை அடையாளம் தெரிந்தது. வளைந்து கீழே இறங்கும் கடைசி எழுத்தின் வாலை விரலால் தொட்டாள். அடுத்த தாளிலும் தொட்டாள். அதற்கடுத்ததிலும்.

“தெரியுமா இவருக்கு?”

“தெரியும்மா. புத்தூர் லேத்துப் பட்டறைக்குப் போனா ஒரு மணி நேரத்துல வேற ஒண்ணு கடஞ்சி போட்டுக் குடுத்திருப்பாங்க. முப்பது வருசம் போடல.”

வெளியே டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். சாய்குமார் போகவில்லை.

“பூசையில நான் அதே எடத்துல அப்பறப்ப எல்லாம் பக்கத்துல நிப்பாரு,” என்று கிருஷ்ணம்மா சொன்னாள். “ஒரு வருசம் சந்தனம் தீந்து போச்சி. மஞ்சள வக்கறேன்னேன். இரு, சந்தனமே வைன்னு சொல்லி, கடைக்குப் போய் வாங்கியாந்தாரு. சாமி காரியம்னு நெனச்சேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. “திருட்டு மனுசன். ஒரு வார்த்த சொல்லல பாரு.”

“நீயும்தான் சொல்லல,” என்றாள் தரணி, நிலைப்படியிலிருந்து. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“ஆமா. நானும்தான் சொல்லல.” கிருஷ்ணம்மா காகிதங்களை மடித்துச் செல்லியம்மாவிடம் நீட்டினாள். பிறகு நினைத்துக்கொண்டவள் போல ஒன்றை மட்டும் உருவித் தன் தலையணைக்குக் கீழே வைத்தாள். “இனிமே மறைக்கறதுக்கு இன்னா இருக்கு? ரெண்டு பேரும் மறச்சது போதும். இப்ப மனசாரக் கேக்கறேன். மாட்டிடு.”

உள்ளங்கையில் இருந்த இரும்பு, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகியிருந்தது. இரண்டே சுற்று. செல்லியம்மா கட்டிலில் கிடந்த கார்பைனைப் பார்த்தாள். சிங்கம், வளையம், கீல் வைத்துப் பிணைத்த கம்பி, எதுவும் தவறி விழக் கூடாது என்று செய்த அத்தனையும் ஒழுங்காக இருந்தன. அந்த ஒரு துளை மட்டும் இருட்டாகத் திறந்திருந்தது. ஒரு பெண் பயந்துகொண்டே செய்ததும், ஒரு ஆண் பேசாமல் இருந்ததும், தான் அப்பாவோடு வளர்ந்ததும் எல்லாம் அந்தத் துளை வழியாகத்தான் வந்திருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. இதை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னால் பிரசங்கம் போல இருக்கும்.

காம்பைச் சிமிழுக்குள் திரும்ப வைத்தாள். மூடியைத் திருகினாள். கிருஷ்ணம்மாவின் கையை இழுத்து, சிமிழை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடி, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.

“வேணாம்மா,” என்றாள். “கொஞ்சம் சந்தனம் இருந்தா கொழச்சிக் குடுங்க.”